காற்று வரும் பக்கம் தொங்கவிட்ட பெட்டி

தம்பி,

இங்கே எல்லோரும் சுகம், அங்கே குளிர் எப்படி என்று எழுதிக்கொண்டே போனால் ஒரு பக்கத்தை ஓட்டிவிடலாம். உன் அப்பா வளைகுடாவில் இருந்த பன்னிரண்டு வருடமும் வாரம் ஒரு கடிதம் எழுதியவள் நான். பத்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கடிதத்தை எப்படி இழுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் இன்று இழுக்கப் போவதில்லை. நேற்றுக் காலை நீ போன் செய்து, “அம்மா, நம்ம வீட்டுப் பெட்டி பழுதாயிருச்சும்மா, நம்பர் கண்டபடி எகிறுது. அதைக் கணக்குலருந்து எடுத்துட்டேன். அடுத்த வாரம் வரும்போது புதுசு கொண்டாரேன்” என்றாய். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே பேசினாய், அந்தப் பழக்கம் எப்போதுதான் போகுமோ. நானும் “சரிப்பா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

காற்றில் புகை எவ்வளவு என்று அளக்க நீ மாட்டிவிட்டுப் போன பெட்டி பழுதாகவில்லை. ஏழு மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்த பெட்டி நேற்றுதான் உண்மையைச் சொன்னது. அதைப் பொய் சொல்ல வைத்தவள் நான். வருகிற வெள்ளிக்கிழமை நீ வந்து, மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தினமும் காலையில் ‘இன்று காற்று இப்படி இருக்கும்’ என்று செய்தி அனுப்பும் வேலையைத் தொடங்கி வைக்கப் போகிறாய். அதை நம்பித்தான் இளைப்பு இருக்கிற பிள்ளைகளை மைதானத்தில் ஓட விடலாமா, வகுப்பிலேயே உட்கார வைக்கலாமா என்று முடிவு செய்வார்கள். அந்தச் செய்திக்குள் என் பொய் இருக்கிறது. அது வெளியே போகும் முன் நீ இதைப் படித்தாக வேண்டும். படித்து முடிக்கும்வரை என்னைக் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் “சரிப்பா” என்றுதான் சொல்வேன். எனக்கு என்னைத் தெரியும்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது ஒரு மத்தியானம் மூன்று பேரும் கொட்டகை நிழலில் பாய் விரித்துப் படுத்திருந்தோமே, அந்த மத்தியானத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். பண்டிகை என்பதால் முந்திரி வறுக்கும் அடுப்பை மூட்டவில்லை. வானத்தில் ஒரு பறவைகூட இல்லை. நீ மல்லாந்து படுத்துக்கொண்டு, “மணி ஒன்ற இருக்குமா? இந்நேரத்துக்கு ஒரு சாட்டிலைட் நம்ம தலைக்கு மேல போகும்மா, டெய்லி” என்றாய். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிரிக்கட்டும். அன்றிலிருந்து ஒன்றரை மணிக்கு எங்கே இருந்தாலும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை. ஆனாலும் என் மகனுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று மேலே போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் கொஞ்ச நேரத்துக்கு வேலை ஓடாது. உளுந்தை அரைக்கிறேனா, கிரைண்டர் ஓடுகிறதா என்பதுகூட மறந்துபோகும்.

அன்று நீ எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாய். உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கு மேலேயும் காற்றை அடுக்கடுக்காக வைத்து, எந்தக் கட்டத்தில் என்ன எரிகிறது, எந்தக் கடலிலிருந்து உப்பு எழும்புகிறது, எந்தப் பாலைவனத்தில் தூசி கிளம்புகிறது என்று கணினிக்குச் சொல்லிவிடுவீர்கள். அது காற்றின் போக்கில் எல்லாவற்றையும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தள்ளித் தள்ளி, நாளைக்கும் மறுநாளைக்கும் எங்கே என்ன இருக்கும் என்று கணிக்கும். கணினி காணும் கனவு என்று நான் புரிந்துகொண்டேன். அந்தக் கனவு தடம் மாறிப் போகாமல் இருக்க, மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் தாங்கள் பார்த்ததைச் சொல்லித் திருத்துகின்றன. திருத்திக்கொண்டு அது மறுபடியும் கனவு காணும். நீ லேப்டாப்பைத் திறந்து காட்டினாய். அரபு நாட்டிலிருந்து மஞ்சளாக ஒன்று கிளம்பி, கடலைத் தாண்டி, நம் கரையை மெதுவாகத் தடவியது. உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “இந்தத் தூசிய நா பன்னெண்டு வருசம் தின்னேன். விட்டுட்டு வந்தாலும் தேடி வருதா?” என்றார். நாம் மூன்று பேரும் சிரித்தோம். அவர் அங்கே இருந்த காலத்தில் நம் வீட்டு ஜன்னலில் படிந்த தூசியில் அவர் மிதித்த மண்ணும் கொஞ்சம் இருந்திருக்குமோ என்று நினைத்தேன். அது தெரியாமல் நான் பாட்டுக்குத் துடைத்துத் துடைத்து வெளியே உதறியிருக்கிறேன்.

அப்போது நான் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா? “நம்ம கொட்டகை அதுல தெரியுமா தம்பி?” நீ சொன்னாய்: “தெரியாதும்மா. ஒரே கட்டத்துக்குள்ள நம்ம ஊரு, கறம்பக்குடி, வல்லத்திராக்கோட்டை எல்லாம் ஒண்ணாக் கெடக்கும். சாட்டிலைட்டு மேலருந்து பாக்குது. தரையோட போற பொகையா, ஒசரத்துல போற தூசியான்னு அதுக்குப் பிரிச்சுச் சொல்றது கஷ்டம். மேகம் இருந்தா அதுவும் தெரியாது. அதுக்குத்தான் கீழ பெட்டி வைக்கிறோம்.” தெரியாது என்றதும் எனக்கு வந்த நிம்மதியை நீ கவனிக்கவில்லை. மறுநாள் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து, கொட்டகையைப் பார்த்த வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாய். காற்றை உறிஞ்ச உள்ளே குட்டி ஃபேன். காதை வைத்தால் கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம். பள்ளிக்கூடத்துச் சுவரிலும் ஒன்று மாட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பினாய்.

நீ இந்தக் கடிதத்தை உன் ஆபீஸில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் அவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது முந்திரிக்கொட்டை வறுக்கும் கொட்டகை. நானும் ஐந்து பெண்களுமாக ஆறு பேர். கொட்டையை இரும்புச் சட்டியில் போட்டு வறுக்கும்போது தோட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தீப்பிடித்துச் சட்டியே எரியும். கறுப்பாகப் புகை எழும்பும். கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். அதனால் அடுப்பு மூட்டும் முன் ஒரு சிட்டிகைச் சாம்பலை மேலே விட்டுப் பார்ப்போம். அது எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் ஆறு பேரும் மணையை எடுத்துப் போட்டுக்கொள்வோம். நடுவில் காற்று திரும்பினால் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேசிக்கொண்டே எழுந்து மணையோடு நகர்வோம். காற்றைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியுமோ, அதில் பாதியாவது எங்களுக்கும் தெரியும் என்று உன் ஆபீஸில் சொல்.

நீ போன மூன்றாம் நாள் போன் வந்தது. “என்னம்மா எரிச்சீங்க இன்னைக்கு? மாவட்டத்துலயே நம்ம வீடுதான் செவப்பு” என்று சிரித்தாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் பெட்டிகள் சொல்வதை நிறம் நிறமாகக் காட்டும் உன் வரைபடத்தைச் செல்லம்மாள் தன் போனில் திறந்து பார்த்துவிட்டாள். செல்லம்மாள் எங்கள் ஆறு பேரில் ஒருத்தி, நீ பள்ளிக்கூடம் படித்தபோது உனக்கு வேர்க்கடலை அவித்துக் கொடுத்து அனுப்புவாளே, அவள்தான். “அக்கா, இதை ஊரே பாக்குமாமே. பாத்துட்டு யாராச்சும் வந்து கொட்டகைய மூடுன்னா நம்ம எங்கிட்டுப் போறது?” என்றாள். பிறகு அவளே, “அந்தப் பெட்டிய அங்கிட்டு மாட்டுனா என்னக்கா?” என்றாள். அவள் கேட்டதாகச் சொல்கிறேனே தவிர, அதே எண்ணம் எனக்கு அவளுக்கு முன்பே வந்துவிட்டது. அவள் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன்.

கொட்டகையைச் சுற்றி நாலு ஆணி இருக்கிறது, தம்பி. வீட்டுச் சுவரில் இருப்பது நீ அடித்தது. மோட்டார் ரூம் சுவரிலும், வேப்ப மரத்திலும், கேட்டுத் தூணிலும் இருப்பது நான் அடித்தது. “எதுக்கு இத்தனை ஆணி?” என்று உன் அப்பா கேட்டதற்குத் துணி காயப்போடக் கொடி கட்ட என்றேன். நீ நீளமான வயர் கொடுத்துவிட்டுப் போனது வசதியாகப் போயிற்று. தினமும் காலையில் சாம்பலை விட்டுப் பார்ப்பேன். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து ஆணியில் பெட்டியை மாட்டுவேன். செல்லம்மாள் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள். புகை அந்தப் பக்கம் போக, பெட்டி இந்தப் பக்கம் வயற்காற்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தொங்கும். தான் எங்கே தொங்குகிறோம் என்று பெட்டிக்குத் தெரியாது. நீ எழுதி வைத்த இடமே அதற்கு இடம்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். அது எனக்குப் பிடித்திருந்தது. மாசியில் ஒருநாள் நீ கூப்பிட்டு, “அம்மா, நம்ம பெட்டிதாம்மா சூப்பர். கம்ப்யூட்டர் மாடல் சொல்றதும் சாட்டிலைட் சொல்றதும் இதுவும் அப்படியே ஒத்துப்போகுது. எங்க சாரே கேட்டாரு, யாரு இவ்வளவு நல்லாப் பாத்துக்குறாங்கன்னு” என்றாய். நான் குளிர்ந்துபோனேன். அன்று முழுவதும் தரையில் கால் பாவவில்லை. அந்த ஊரில் யாரோ ஒரு பெரிய மனிதர் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பொய் சொல்லி வாங்கிய பாராட்டு என்று தெரிந்தும் அது இனித்தது. அப்போதே நீ இன்னொன்றும் சொன்னாய். “பள்ளிக்கூடத்துப் பெட்டிதான் சரியில்ல. பத்து மணிக்கு மேல திடீர்னு எகிறுது. கொட்டகைக்குப் பக்கத்துல இருக்க ஒங்க பெட்டி காட்டாததை அது மட்டும் எப்படிக் காட்டும்? ஃபேன்ல ஏதோ கோளாறு. அதைக் கணக்குலருந்து தூக்கிட்டேன்.” என் பொய்க்காக அந்தப் பெட்டியின் உண்மையை நீ குப்பையில் போட்டாய். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம் ஆகப் போகிறவன் நீ. அதனால் போகிற போக்கில் ஒன்று சொல்லி வைக்கிறேன். நீ சொல்வதோடு அப்படியே ஒத்துப்போகிறது என்பதற்காக எதையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பெட்டியாக இருந்தாலும் சரி, பெண்டாட்டியாக இருந்தாலும் சரி. அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றால், எங்கே ஆணி அடித்து வைத்திருக்கிறாள் என்று போய்ப் பார். நான் உன் அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடம் ‘இங்கே எல்லோரும் சுகம்’ என்று எழுதினேன். அதில் பாதி நாள் உனக்கு இளைப்பு.

அந்த இளைப்பைப் பற்றியும் இன்றே சொல்லிவிடுகிறேன். உனக்கு ஏழு வயது. நெஞ்சு விசில் அடிக்கும். டவுனில் ஒரு வயதான டாக்டரிடம் கூட்டிப் போனேன். “வீட்டுல பொகை உண்டாம்மா?” என்று கேட்டார். “இல்லீங்க சார், கேஸ் அடுப்புத்தான்” என்றேன். வீட்டில் கேஸ் அடுப்புத்தானே? ஒரு வார்த்தை பொய் இல்லை. கொட்டகையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்போதுதான் கொட்டகை போட்டுத் தலையெடுத்துக்கொண்டிருந்தேன். வறுப்பதை நிறுத்து என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயம். பிராணிகள் ஏதாவது வளர்க்கிறீர்களா என்றார். பூனை இருக்கிறது என்றேன். பழி அதன் மேல் விழுந்தது. சாக்கில் கட்டி அறந்தாங்கியில் உன் சித்தி வீட்டுக்கு அனுப்பினேன். நீ இரண்டு நாள் வேலியோரம் உட்கார்ந்திருந்தாய். விடுதிக்குப் போய்ப் படித்த பிறகு உனக்கு இளைப்பு நின்றது, பூனை போனதால்தான் நின்றது என்று நானும் எல்லோரிடமும் சொன்னேன். இன்றைக்கும் நீ பூனையைக் கண்டால் நாலடி தள்ளி நிற்கிறாய். வரப்போகிற மருமகளிடம்கூட, உனக்குப் பூனை ஆகாது, அவள் வளர்க்கும் பூனையை அவள் அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாயாம். சொல்லாதே, தம்பி. உனக்குப் பூனையால் இளைக்கவில்லை. என்னால் இளைத்தது.

இப்போது யாழினிக்கு வருகிறேன். செல்லம்மாளின் மகள், ஒன்பது வயது, வாய் ஓயாது. இரண்டு வாரத்துக்கு முன்பு, நீ சோதனைக்காக அனுப்பத் தொடங்கியிருந்த காலைச் செய்தியில் அன்று பச்சை. ‘காற்று நன்று.’ விளையாட்டு விழாவுக்குப் பயிற்சி என்று பிள்ளைகளை எல்லாம் மைதானத்தில் விட்டார்கள். அவளுக்கு இளைப்பு உண்டு என்று தெரிந்த டீச்சர்தான், செய்தியைப் பார்த்துவிட்டு, சரி ஓடு என்றிருக்கிறார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. காலையில் மேல்காற்று. புகை கிழக்கே வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பத்து மணி வாக்கில் கிழக்கிலிருந்து கடற்காற்று திரும்பியது. எங்கள் கொட்டகைக்கு மேற்கேதான் பள்ளிக்கூடம். புகை வளைந்து, தாழ்ந்து, அந்தப் பக்கம் போவதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்ததும் எழுந்து ஓடினேன். எங்கே ஓடினேன் என்று நினைக்கிறாய்? அடுப்பை அணைக்க இல்லை. மோட்டார் ரூம் சுவரிலிருந்து பெட்டியைக் கழற்றி எதிர்ப்பக்கம் வேப்ப மரத்தில் மாட்ட. செல்லம்மாளும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தாள். நாங்கள் ஸ்டூலின் மேலேயும் கீழேயுமாக நின்றுகொண்டிருந்தபோதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது.

கறம்பக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கிருந்து ஆம்புலன்சில் டவுனுக்குப் போனோம். உதடு நீலமாகியிருந்தது. மருந்தை ஆவியாக ஊதும் முகமூடியை மூக்கில் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் கண்ணைத் திறந்து, “என் ரிப்பன் எங்கம்மா?” என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டு நான் அழுதேன். அதற்கு முன்னால் நடந்ததுதான் என்னைத் தின்கிறது. டாக்டரம்மா சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். “ஏம்மா, வீட்டுப் பக்கம் பொகை ஏதும் இருக்குதா?” என்று கேட்டது. செல்லம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். “இல்லீங்க” என்றாள். அந்தப் பெண் தன் போனை எடுத்து, உன் வரைபடத்தைத் திறந்து, எங்களுக்கும் காட்டி, “ஆமா, ஒங்க ஊருப் பக்கம் பச்சையாத்தான் இருக்கு. அப்ப வேற ஏதோ ஒத்துக்கல. ஆடு மாடு வளக்குறீங்களா?” என்றது. செல்லம்மாள் ஆடு இருக்கிறது என்றாள். மறுநாளே இரண்டு ஆட்டையும் ஓட்டிவிட்டாள். எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது இருபது வருடத்துக்கு முந்தைய வராந்தா தெரிந்தது. இந்த முறை பொய்யைச் சொன்னது நான் மட்டும் இல்லை. என் மகன் கண்டுபிடித்ததும் சேர்ந்து சொன்னது. இத்தனை செயற்கைக்கோள் மேலே சுற்றியும், அத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டும், ஒரு டாக்டர் கையில் கடைசியில் வந்து சேர்ந்தது நான் அடித்த ஆணிதான்.

அதற்குப் பிறகு பத்து நாள் நானும் செல்லம்மாளும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைப்போம், எழுந்து போவோம். யாழினி வீட்டில் இருந்ததால் காலையில் செல்லம்மாள் தாமதமாக வருவாள். நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை மாட்டினேன். ஆமாம், அதற்குப் பிறகும் மாட்டினேன். பழக்கம் விடவில்லை என்று சொல்லலாம். பயம் விடவில்லை என்பதுதான் சரி. முந்தாநாள் வெள்ளிக்கிழமை அவள் மகளைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் திரும்பக் காட்டப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கொட்டகைக்கு வந்தாள்.

“சொல்லிட்டேங்க்கா” என்றாள்.

“என்னத்த?”

“பொகை இருக்குன்னு. நாங்களே போடுறோம்னு. எத்தனை நாளான்னு கேட்டுச்சு அந்தப் புள்ள. இவ வயித்துல இருந்ததுலேருந்துன்னு சொன்னேன். என் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.”

அவள் கையில் மருந்துச் சீட்டு இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நான் படித்துச் சொன்னேன். மருந்துப் பெயர்களுக்குக் கீழே, புகைப் பக்கம் விடக் கூடாது என்று தமிழிலேயே எழுதியிருந்தது. செல்லம்மாள் சீட்டை வாங்கி மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டு, “ஒங்க மகன்ட்ட நீங்க எப்பச் சொல்லப் போறீங்க?” என்றாள். நேற்றுக் காலை நானே பெட்டியைக் கழற்றி, நீ அடித்த ஆணியில் மாட்டினேன். அடுப்பை மூட்டினோம். நடுக்காலையில் நீ கூப்பிட்டுப் பெட்டி பழுது என்றாய். நான் சரிப்பா என்றதைக் கேட்டுவிட்டுச் செல்லம்மாள் உடைத்துக்கொண்டிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். இருபது வருடத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. “சரிப்பாவா? நா அம்மாம் பெரிய ஆஸ்பத்திரியில போயிச் சொல்லிட்டு வாரேன். ஒங்களுக்கு ஒங்க புள்ளைட்டச் சொல்ல வாய் வரலையாக்கா?” என்றாள். மற்ற நாலு பேரும் தலையைத் தூக்கவில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு என்னையே கேட்கிறாளே என்று. அப்புறம் வெட்கம் வந்தது. அதுதான் இன்னும் இருக்கிறது.

ஆகையால் எழுதிவிட்டேன். இதில் நீ செய்ய வேண்டியவை உனக்கே தெரியும். நம் பெட்டியின் ஏழு மாதத்தையும் தூக்கிப் போடு. பள்ளிக்கூடத்துப் பெட்டி எகிறியது என்று நீ ஒதுக்கிய நாட்களைத் திரும்ப எடு. யார் இப்படிச் செய்தது என்று உன் சார் கேட்டால் ஊரில் யாரோ என்று மழுப்பாதே, எங்கம்மா என்று சொல். உனக்குத் தலைகுனிவுதான். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. நீ ஊர் ஊராகப் போய் மாட்டிய மற்றப் பெட்டிகள் எந்தெந்த அம்மாக்கள் வீட்டில் எந்தப் பக்கம் தொங்குகின்றனவோ, அதையும் போய்ப் பார். அவர்களை மிரட்டாதே. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இதனால் உங்கள் பிழைப்பு போகாது என்று முதலில் சொல். எனக்கு அதை நீ சொல்லவில்லை, தம்பி. நானும் கேட்கவில்லை.

கொட்டகையை மூடு என்று நீ சொல்வாய் என்று பயந்துதான் இத்தனையும் செய்தேன். இப்போது அந்தப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். புகைபோக்கி வைத்த அடுப்பு, வேக வைத்து உடைக்கிற முறை என்று நீ பொங்கலுக்கே என்னென்னவோ சொன்னாய், நான்தான் காதில் வாங்கவில்லை. நீ வந்ததும் ஆறு பேரும் உட்கார்ந்து பேசுவோம். அதற்குக் கொஞ்ச நாளாகும். அதுவரை எங்களுக்கு ஒன்று வேண்டும். நாங்கள் இப்போது அடிக்கிற காற்றைத்தான் பார்ப்போம். பத்து மணிக்கு அது திரும்புமா, எந்தப் பக்கம் திரும்பும் என்று முதல் நாளே பார்க்க எங்களால் முடியாது. உன்னால் முடியும். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செய்தி அனுப்பும் முன் அதை எங்களுக்கு அனுப்பு. புகை மேற்கே போகும் என்று நீ சொல்கிற நாளில் நாங்கள் அடுப்பை மூட்ட மாட்டோம், சும்மா உட்கார்ந்து பழைய கொட்டையை உடைப்போம். மற்ற நாளில் வறுப்போம். ஆறு பேரும் ஒத்துக்கொண்டாயிற்று. என் மேல் இன்னும் நம்பிக்கை இல்லையோ என்னவோ, நேற்றுப் போகும்போது செல்லம்மாள் கொட்டகைத் தீப்பெட்டியைத் தன்னோடு எடுத்துப் போய்விட்டாள்.

உன் அப்பாவுக்கு இதையெல்லாம் இன்று காலைதான் படித்துக் காட்டினேன். எழுந்து வெளியே போய் மூன்று ஆணியையும் பிடுங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். இப்போது ஒவ்வொரு தாளாகப் போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார், எழுத்து கலங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள். கோபம் வந்தால் படு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கோபப்படும் முன் இந்த ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லிவிடு. நாளை திங்கட்கிழமை. இரண்டு வாரம் வீட்டில் இருந்த யாழினி நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிறாள். பத்து மணிக்குக் காற்று எந்தப் பக்கம், தம்பி?

அம்மா